பதின்மூன்று மீட்டர் குறைவு

முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மயிலாத்தாளுக்கு முன்வரிசை என்றாலே ஆகாது. துக்க வீட்டிலும் பாராட்டு விழாவிலும்தான் அவளை முன்னால் உட்கார வைப்பார்கள், இரண்டிலும் அவளுக்கு இருக்கும் வேலை ஒன்றுதான், நாலு பேர் பார்க்கும்படி சும்மா இருப்பது. இன்றைக்கு இது எந்த வகை என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. பாத்திரக்கடை மாடியில் இருந்த மலையேற்றக் கழகத்தின் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வெயில் ஜன்னல் வழியே இறங்கிக்கொண்டிருந்தது, கீழே யாரோ குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள், அந்த டங்கு டங்கு சத்தத்துக்கு நடுவில் தலைவர் ஆடிட்டர் அர்த்தநாரி மைக்கைப் பிடித்து, 'நம்ம கழகத்தோட முதல் மலைவேந்தர், அமரர் நாச்சிமுத்து அவர்களோட துணைவியார் வந்திருக்காங்க' என்றார். கைதட்டினார்கள். துணைவியாருக்குப் பெயர் கிடையாது. நாற்பத்தைந்து வருஷமாக இந்த ஆளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்திருக்கிறாள், இவருக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்பது அவளுக்குத் தெரியும், அவள் பெயர் இவருக்குத் தெரியுமோ என்னவோ. தெரியாமல் என்ன, தெரியும், தேவைப்படாததால் வாயில் வரவில்லை. எழுபது வயதிலும் அர்த்தநாரி சட்டையை இன் பண்ணிக்கொண்டு வயிற்றை எக்கி நிற்பதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கக்கூடாத இடம் என்பதால் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டாள், உடனே பின்னாலிருந்து ஒரு பெண், பாவம் அழறாங்க, என்று யாரிடமோ கிசுகிசுத்தாள். அழுகிறாளாம். அழுதுவிட்டுப் போகட்டும். அழுவதற்கென்று ஒருத்தியை வண்டி வைத்து அழைத்து வந்தபிறகு அவள் சிரித்தால் யாருக்கும் நன்றாக இருக்காது.

திரையில் மலை வந்தது. சிபிமுடி. அதை அவள் நேரில் பார்த்ததில்லை என்பது இங்கே யாருக்கும் தெரியாது. ஒருமுறை நாச்சிமுத்து வால்பாறை ரோட்டில் காரை நிறுத்தி அவளுக்கு, 'அதா, அந்தப் பக்கம், தெரியுதா' என்று கை காட்டினார், அங்கே வெள்ளை வெளேரென்று மேகம்தான் இருந்தது, அவள் 'தெரியுதுங்க' என்றாள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு இருவரும் காரிலேறி டீக்கடைக்குப் போனார்கள். இப்போது திரையில் மேகமில்லை. அந்த மலையைப் பச்சையும் மஞ்சளுமாகக் கோடு கோடாக வெட்டி, மரத்தையெல்லாம் உரித்து, கோழியை உரித்த மாதிரி வைத்திருந்தான் தருண் என்கிற பையன். முப்பது வயதுகூட இருக்காது, எங்கோ நில அளவைக் கம்பெனியில் இன்ஜினியராம், கழகத்தின் மலைகளையெல்லாம் ட்ரோன் விட்டும் செயற்கைக்கோளைக் கேட்டும் புதிதாக அளந்துகொண்டு வந்திருக்கிறான். நல்ல பையன்தான். வாசலில் அவள் காலைத் தொட வந்தான், அவள் விலகிக்கொண்டாள். அவன் பொறுமையாகச் சொன்னான், 'அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்றனுங்க. நம்ம பட்டியல்ல ஒரு மலை இருக்கணும்னா ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல இருக்கணும். அது மட்டும் பத்தாது. அங்கிருந்து பக்கத்துல இருக்கற பெரிய மலைக்குப் போகணும்னா, நடுவால நூறு மீட்டராவது கீழ எறங்கி ஏறணும். அப்பத்தான் அது தனி மலை. இல்லீன்னா அது பெரிய மலையோட தோளுங்க.' தோள். இறங்க வேண்டிய பள்ளம்தான் மலையை மலையாக்குகிறது என்று இவர்கள் சொல்வது அவளுக்குப் புரியாமலா போகும், அவளைப்போல இதைப் புரிந்துகொண்டவர்கள் இந்தக் கூடத்தில் எத்தனை பேர். நாச்சிமுத்து என்ற மலையிலிருந்து அவளிடம் வருவதற்கு யாரும் எந்தக் காலத்திலும் ஓரடிகூட இறங்கியதில்லை. அவரோடு பேசிக்கொண்டே நடந்து வருகிறவர்கள் அப்படியே அவள்மேலும் நடந்து போய்விடுவார்கள், காபி குடித்துவிட்டு. அவளும் ஒரு காலத்தில் மில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சரி, அது கிடக்கட்டும். பையன் என்ன சொல்கிறான். மலை உயரம் குறையவில்லையாம், பழைய வரைபடத்தில் இருந்ததைவிட மூன்று மீட்டர் கூடத்தான் இருக்கிறதாம். பள்ளம்தான் மோசம் செய்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் அடர்ந்த காட்டுக்குள் இறங்கி அளக்கமுடியாமல், தூரத்திலிருந்து பார்த்து, இவ்வளவு ஆழம் இருக்கும் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது பார்த்தால் எண்பத்தேழு மீட்டர்தான். நூற்றுக்குப் பதின்மூன்று குறைவு. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்பார்கள், இந்தப் பையனிடம் சொன்னால் சாணுக்கும் முழத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படம் போட்டுக் காட்டுவான். ஆக, சிபிமுடி மலையில்லை. சிபிமுடி மலையில்லை என்றால் அவர் அன்றைக்கு எங்கேதான் போனார்.

அவள் மனம் அந்த இடத்தில்தான் மாட்டும் என்று அவளுக்குத் தெரியும். முள்வேலியில் சேலை மாட்டுவதுபோல, சுற்றிக்கொண்டு வேறு பக்கமாகப் போனாலும் அதே முள். விடியற்காலை, மார்கழிக் குளிர், வாசலில் அர்த்தநாரியின் ஜீப். ஹாரன் அடித்தான், அப்போதெல்லாம் அவள் மனதில் இந்த ஆள் 'அடித்தான்'தான், வாயில்தான் அண்ணா. கட்டிலில் மகன் சிபி. நாலு வயசு. முந்தின நாள் மாலையிலிருந்து சுரம். நாச்சிமுத்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே வந்து பையன் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து, 'சளிக் காய்ச்சல்தான் மயிலு, கசாயம் வெச்சுக் குடு, நாளைக்குப் பொழுதோட எறங்கிருவேன்' என்றார். காட்டிலாகா அனுமதி இரண்டே நாள். அது ஒன்றுதான் பாக்கி, பட்டியலில் இருந்த நாற்பத்தோரு மலையில் நாற்பது முடிந்துவிட்டது, பெங்களூர்க்காரன் ஒருவனுக்கும் ஒன்றுதான் பாக்கி, அவன் பொங்கலுக்குள் ஏறிவிடுவானாம். அவள் 'கழுத்தத் திருப்ப மாட்டீங்கறானுங்க' என்றாள். சொன்னாளா? சொன்னாள். மெதுவாகச் சொன்னாள். ஜீப் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழுந்திருக்கும், விழாமலும் இருந்திருக்கும், விழுந்தும் விழாததுபோல இருப்பது ஆண்களுக்குக் கைவந்த கலை. அவர் கேட்டைத் தாண்டினார். அவள் திரும்பி வந்து பையனைப் பார்த்தாள், அவன் கண் ஒரு மாதிரி மேலே போய் வந்தது, அவள் வாசலுக்கு ஓடினாள், அவர் முதுகு தெரிந்தது, மூட்டையை ஜீப்பில் போட்டுக்கொண்டிருந்தார், ஏனுங்க என்று ஒரு வார்த்தை, அதுவும் முழு வார்த்தையாகக்கூட வேண்டாம். வாய்வரை வந்தது. புறப்பட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாது. சந்தைக்குப் போகிறவரையே கூப்பிடக்கூடாது, இவர் போவதோ வழுக்குப் பாறையும் யானையும் இருக்கிற மலைக்கு. கூப்பிட்டு, அவர் போய், ஏதாவது ஆகிவிட்டால், கூப்பிட்ட வாய் இது என்று ஊர் சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அவள் நின்றாள். ஜீப் போய்விட்டது. அவர் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்று அவள் பொத்திக்கொண்ட வாய் அவர் உயிரைப் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. எண்பது வயதுவரை இருந்தார். அன்றைக்கு ராத்திரி கழிந்து, மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் இருவருக்கும் நடுவில் பையனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர், 'ஒரு நாள் முன்னாடி வந்திருக்கணுமேம்மா' என்றார். ஒரு நாள் முன்னாடி வண்டி வாசலில் நின்றது டாக்டர், ஹாரன்கூட அடித்தது. பகல் உச்சிக்குப் பையன் போய்விட்டான். மூளைக்காய்ச்சல். அந்தப் பகல் உச்சிக்குத்தான் அவர் அந்த உச்சியில் நின்றிருப்பார். அவர்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு, உச்சியை அடைந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே உயரமான கல்லில் உள்ளங்கையை வைத்து மலையின் பெயரை மூன்றுமுறை கூவ வேண்டும். அந்த மலைக்கு அன்றைக்குப் பெயர் கிடையாது, வரைபடத்தில் வெறும் எண். எதைக் கூவியிருப்பார். சிபி என்று கூவியிருக்க முடியாது. அப்போது அது பையனுக்குத்தான் பெயர்.

பட்டியலை முதலில் முடித்து மலைவேந்தர் ஆகிறவர் பெயரில்லாத மலை ஒன்றுக்குப் பெயர் வைக்கலாம் என்பதும் அவர்கள் வழக்கம்தான். பிள்ளை பெறும் முன்னே பெயர் வைக்கிறவளை ஊர் கேலி பேசும், பிள்ளையைப் புதைத்துவிட்டுப் பெயர் வைக்கிறவரை எழுந்து நின்று கைதட்டும், அதை அவள் கண்ணால் பார்த்தாள். இதே கழகம், வேறு கூடம், இதே முன்வரிசை. அர்த்தநாரி மேடையில் ஏறி, 'ஒரே மகனைப் பறிகொடுத்த தகப்பன், அந்தத் துக்கத்தைத் தோள்ல சுமந்துக்கிட்டு, தை மாசம் தன்னந்தனியா நடந்த மாதிரி அந்தக் கடைசி மலையை ஏறினாரு, நான் கூட இருந்த சாட்சி' என்றான். மார்கழி தை ஆகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதற்கு நிறையச் சோறு வேண்டும், கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் ஆளுக்கொரு பிடி போட்டு மூடினார்கள். பெண்கள் அழுதார்கள். நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிமிர்ந்து, இல்லீங்க, என்று சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள், மாலை போடும்வரை காத்திருந்தாள், பொன்னாடைவரை காத்திருந்தாள். வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றும்போது, 'அவன் சொல்லிப்போட்டான் மயிலு. மேடைல வெச்சு என்னன்னு மறுக்கறது' என்றார். மேடையில் மறுக்க வேண்டாம், சமையல்கட்டில் மறுத்திருக்கலாம், படுக்கையில், காரில், டீக்கடையில், மறுப்பதற்கு இடமா இல்லை. அவர் மறுக்கவில்லை, நாளாக நாளாக அவரும் நம்பிவிட்டார். கடைசிக் காலத்தில் பத்திரிகைக்காரர் வந்து கேட்டபோது, தை மாசப் பனி எப்படி இருந்தது, கால் எப்படி மரத்தது, மனசு எப்படி இருந்தது என்று விவரமாகச் சொன்னார், அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. அதுதான் அவளால் மன்னிக்க முடியாதது. விட்டுவிட்டுப் போனதைக்கூட மன்னித்திருப்பாள். சளிக் காய்ச்சல் என்று அவரும் நினைத்தார், அவளும் பாதி நினைத்தாள். ஆனால் அந்தப் பகலை, அவள் தனியாக ஆஸ்பத்திரி வராந்தாவில் பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு பகலை அவர் எடுத்துக்கொண்டுபோய் வேறு மாசத்தில் வைத்துவிட்டார். இத்தனை வருஷமும் அவளுக்கு ஒரே ஒரு கேவலமான ஆறுதல் இருந்தது. அதை ஆறுதல் என்று சொல்லிக்கொள்ளக் கூசினாலும் இருந்தது. பெரிய காரியத்துக்குத்தான் போனார், சீட்டாடப் போகவில்லை, குடிக்கப் போகவில்லை, நாற்பத்தோராவது மலைக்குப் போனார். இப்போது அதுவும் போச்சு. பக்கத்து மலையின் தோளைத் தட்டிவிட்டு வருவதற்குப் போயிருக்கிறார்.

விளக்கைப் போட்டார்கள். அர்த்தநாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குழு கூடிப் பேசி ஒரு நல்ல வழி கண்டிருப்பதாகச் சொன்னார். சிபிமுடி பட்டியலிலிருந்து போகும், அது அறிவியல், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதற்குப் பக்கத்தில், இத்தனை நாளும் தோள் என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு முகடு, புது அளவில் தனி மலை என்று தேறியிருக்கிறது, அறுபது மீட்டர் உயரமும் அதிகம். அதற்குப் பெயர் இல்லை. 'அந்தப் பேரை அப்படியே இதுக்கு மாத்திடலாம்னு தீர்மானம் கொண்டு வர்றோம். குழந்தை பேரு இன்னும் ஒசரத்துக்குப் போகுது. அம்மிணி, நீங்க ரெண்டு வார்த்தை சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.' மைக் அவள் கைக்கு வந்தது. கனமாக இருந்தது. மாற்றிவிடலாம். பையன் ஒரு மலையில் சரிப்படவில்லை, இன்னொன்றில் வைத்துப் பார்க்கலாம், அதுவும் நாளைக்கு வேறொருவன் வேறொரு யந்திரத்தோடு வந்து அளக்கும்வரை. அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் வராத அளவுக்கு, காது சூடாகும் அளவுக்கு வந்தது, அது அவளுக்கே பிடித்திருந்தது. அந்தப் பெயரை இவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம்.

"தருணு," என்றாள். "நீ அளந்தது சரிதானா கண்ணு?"

"சரிதானுங்கம்மா. ரெண்டு தடவ போய்ப் பார்த்தோம். ஒரு மீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம், அதுக்கு மேல மாறாதுங்க."

"பதிமூணுதான கொறையுது. பெரியவரு பேரு போகுதேன்னு விட்டுக் குடுத்திருக்கலாமல்லோ?"

பையன் சங்கடமாக நெளிந்தான். ஆனால் சொன்னான். "இல்லீங்கம்மா. ஒண்ணுக்கு விட்டுக் குடுத்தா அப்புறம் பட்டியலே பொய்யாயிருமுங்க."

"அது சரி. அப்ப எடுத்துருங்க," என்றாள் மயிலாத்தாள். "பேரையும் எடுத்துருங்க. வேற எந்த மலைக்கும் வெக்க வேண்டாம். எம்பையன் செத்த துக்கத்துல அவரு மலை ஏறலீங்க. அவரு ஏறிட்டிருக்கறப்பத்தான் எம்பையன் செத்தான். மார்கழி மாசம். காய்ச்சல்ல கெடந்தவன விட்டுப்போட்டுப் போனாரு. தை மாசமெல்லாம் யாரும் எங்கயும் போகல."

அவள் அர்த்தநாரியைப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் ஜீப்புலதான் போனாரு. சொல்லுங்கண்ணா."

அர்த்தநாரி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது, ஜீப்பும் ஹாரனும் மறுநாள் இருட்டியபின் வாசலில் வந்து நின்றதும், உள்ளே வராமல் கேட்டோடு திரும்பிப் போனதும். அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு அவர் அவள் பக்கமாக வந்து, அவள் தோளில் கையை வைத்து, மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இத்தன வருசமாச்சுங்கம்மிணி," என்று மைக்கில் சொன்னார், குரல் தழுதழுக்க. "உங்களுக்கு மாசம் கொழம்பிப் போச்சு. பெத்த மனசு, அது எதையும் எப்படியும் நெனச்சுக்கும். நாச்சிமுத்து எப்பேர்ப்பட்ட தகப்பன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்." கூடத்தைப் பார்த்தார். "அம்மிணியோட வேதனைய நாம மதிக்கணும். அதுக்காகவே இந்தத் தீர்மானத்த நெறவேத்தணும்னு நெனைக்கறேன். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. பாவம் என்று சொன்ன பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கினாள். வரிசை வரிசையாக எழுந்தன. தருண் மட்டும் கணினிக்குப் பக்கத்தில் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், அவன் உதடு எதையோ கேட்கப் போவதுபோலப் பிரிந்தது. மார்கழியா தையா, இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்கமுடியும், அவன் கேட்டுவிடுவான் என்று அவள் நினைத்தாள். அர்த்தநாரி அவன் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். பதின்மூன்று மீட்டருக்கு விட்டுக்கொடுக்காத பையன் கையைத் தூக்கினான், முதலில் காதுவரை, பிறகு முழுதாக.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அர்த்தநாரி அறிவித்தார். மயிலாத்தாள் கையைத் தூக்கவில்லை. ஆனால் அவள் கழகத்தில் உறுப்பினரில்லை, அதனால் அது கணக்கில் வரவில்லை.